பேரிங்கிற்கும் முகம் உண்டு

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் பனவடலிசத்திரம். வடலி என்பது இளம் பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். மாட்டுவண்டிகள் ஓடிய காலத்தை நினைவூட்டும் பெயர் அது. அந்நாளில் நெடுவழி செல்லும் வண்டிக்காரர், மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியதும் அடுத்து நோக்குவது வண்டியின் அச்சையும் கடையாணியையுமே ஆகும். வண்டி மை வற்றிய அச்சு கிரீச்சென்று கத்தும். அந்த ஓசை அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். குறை இன்னதென்பதை வண்டியே வாய்விட்டுச் சொல்லிவிடும்.

இன்று அச்சாலையில் மாட்டுவண்டியைத் தேடித்தான் காண வேண்டும். பூச்சந்தைக்குப் பூக்கூடை கொண்டு செல்வோரும், இரு புறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்வோரும், சேலைக் கட்டுகளைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லும் நெசவாளரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கின்றனர். ஒரு காலத்தில் வசதியுள்ளோரின் அடையாளமாயிருந்த அவ்வண்டி, இன்று எளிய குடும்பத்தின் அன்றாட உழைப்புக் கருவியாகிவிட்டது. அது நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும்.

மாட்டுவண்டிக்கு அச்சு எப்படியோ, அப்படியே மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்கி நிற்பது பேரிங். பாடநூல்கள் இதனைத் ‘தாங்கி’ என்று கூறும். பட்டறைகளில் பேரிங் என்றால்தான் விளங்கும். இந்தப் பேரிங்கைத் திசை மாற்றிப் பூட்டினால் என்ன நேரும் என்பதையே இம்மாதம் சிந்திக்க விழைகின்றோம். மெக்கானிக்குகள் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்றோ இது என்று வாசகர் எண்ணலாம். தவறாகப் பூட்டப்பட்ட பேரிங், வண்டி மையற்ற அச்சைப்போல் அன்றே கத்துவதில்லை. பல நாள் மௌனமாயிருந்து, வண்டி வேகமாக ஓடும்போது தன் குறையைக் காட்டுகின்றது. அப்போது அதன்மீது அமர்ந்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஆதலின் இது எல்லாருக்கும் உரிய செய்தியே.

சிறு குண்டுகளின் பெரும் பணி

பேரிங்கின் அமைப்பு எளிது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஒன்றையொன்று உராயாமல் சம இடைவெளியில் நிறுத்த ஒரு தகட்டுக்கூடு. உள் வளையம் தண்டைப் பற்றிக்கொள்ளும். வெளி வளையம் எஞ்சின் கேஸில் உள்ள குழியில் அமரும். ஒன்றன்மீது ஒன்று வழுக்கித் தேய்வதற்குப் பதிலாகக் குண்டுகள் உருளுகின்றன. பாரமான பெட்டியைத் தரையில் இழுப்பதற்கும் உருளைகளின்மேல் வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார் யார்?

இந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் 1794 ஆம் ஆண்டில் வண்டி அச்சுக்குக் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1869 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்பவர் வென்றார். அவர் ஓட்டிய வண்டியில் குண்டு பேரிங்குகள் பொருத்தப்பட்டிருந்தன. 1883 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் ஃபிஷர் என்பவர், எஃகுக் குண்டுகளைச் சரியான உருண்டையாகவும் ஒரே அளவினவாகவும் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பின்னரே பேரிங் தொழில் பெருகியது.

நெசவுத் தொழிலில் ஈடுபட்டுள்ள நம் பகுதியினருக்குச் சுவை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் ஒரு துணி ஆலை களிமண் நிலத்தின்மீது கட்டப்பட்டிருந்தது. நிலம் சிறிது சிறிதாக அமிழ, ஆலையின் நீண்ட தண்டுகள் நேர்கோட்டினின்று விலகின. பேரிங்குகள் அடிக்கடி பழுதாயின. அவ்வாலையில் பணியாற்றிய பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் என்பவர், தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தானே ஒத்துக்கொடுக்கும் குண்டு பேரிங்கைக் கண்டுபிடித்தார். அதனை அடிப்படையாகக்கொண்டு 1907 ஆம் ஆண்டில் தோன்றியதே எஸ்.கே.எஃப். நிறுவனம். தறிகளின் தொல்லையிலிருந்து பிறந்த பொருள் இன்று உலகெங்கும் சுழல்கின்றது.

நம் நாட்டில் 1946 ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் பேரிங் தொழிற்சாலைக்கு அடிகோலப்பட்டது. நம் மாநிலத்திலோ 1955 ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1980 ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நுட்பம் கலந்த 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றோடு சிற்றூர்களிலும் இரு சக்கரப் பட்டறைகள் பெருகின.

100 சி.சி. வண்டியின் எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அதன் கிராங்குத் தண்டு 3,00,000 முறை சுற்றிவிடும். ஒவ்வோர் இரண்டு சுற்றுக்கும் ஒரு முறை, பிஸ்டனின் தலையில் விழும் வெடிப்பின் அடி முழுவதும் அப்பேரிங்குகளின்மீதே இறங்கும். கையில் அடங்கும் ஒரு வளையம் தாங்கும் சுமை இது.

எண்ணை வாசிக்கக் கற்போம்

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது தொழிலின் முதற்பாடம். 6305 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலிலுள்ள 6 என்பது ஆழமான பள்ளமுள்ள ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்பதைக் குறிக்கும். அடுத்துள்ள 3 என்பது அதன் பருமன் வரிசை. கடைசி இரண்டு எண்களாகிய 05 என்பதை ஐந்தால் பெருக்கினால் 25 வரும். உள் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். இவ்வாறு பெருக்கும் கணக்கு 04 முதற்கொண்டே பொருந்தும். 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மில்லிமீட்டர். 6305 பேரிங்கின் வெளி விட்டம் 62 மில்லிமீட்டர். அகலம் 17 மில்லிமீட்டர்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலும் பொருள் உண்டு. இசட் என்று ஒன்று இருந்தால் ஒரு பக்கம் தகட்டு மூடி. இரண்டு இருந்தால் இரு பக்கமும் மூடி. ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. என் என்றால் வெளி வளையத்தைச் சுற்றி லாக் வளையத்திற்கான பள்ளம். சி 3 என்றால் குண்டுகளுக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி. கிராங்குத் தண்டு சூடேறி உள் வளையம் விரியும்போது குண்டுகள் இறுகிவிடாமல் காப்பது அவ்விடைவெளியே. ஆதலால் சி 3 கேட்கும் இடத்தில், அளவு ஒத்திருக்கிறதென்று சாதாரணப் பேரிங்கைப் போடுவது பிழை.

எந்தப் பக்கம் எங்கே நோக்க வேண்டும்?

இனி திசைக்கு வருவோம். இருபுறமும் திறந்த சாதாரணக் குண்டு பேரிங் இரு பக்கமும் ஒத்த அமைப்புடையது. அதை எப்பக்கம் திருப்பிப் போட்டாலும் அதன் வேலையில் வேறுபாடு இல்லை. ஆயினும், எண் பொறித்த பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி போடுவதே நல்ல வழக்கம். நாளை அந்த எஞ்சினைத் திறக்கும் வேறொரு தொழிலாளி, பேரிங்கைக் கழற்றாமலே அதன் அளவை அறிந்துகொள்வார். பின்வருபவருக்குச் செய்யும் சிறு உதவி அது.

ஆனால் எல்லாப் பேரிங்குகளும் அப்படியல்ல. முன்பக்கமும் பின்பக்கமும் வேறுபட்டவை பல உண்டு. அவற்றைக் கையிலெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதற் கேள்வி: இது தன் இடத்தில் எதனால் நிற்கின்றது? கியர்ப் பெட்டியில் வரும் சில பேரிங்குகளின் வெளி வளையத்தில், நடுவில் அன்றி ஓர் ஓரமாக ஒரு பள்ளம் இருக்கும். அதில் லாக் வளையம் பொருந்தும். அவ்வளையம் எஞ்சின் கேஸில் உள்ள வெட்டில் அமரும். பேரிங்கைத் திருப்பிப் போட்டால் பள்ளத்தின் இடம் மாறிவிடும். தண்டு சில மில்லிமீட்டர் நகர்ந்து நிற்கும். பற்சக்கரங்கள் முழு அகலத்திற்கும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடித்துத் தேயும். அல்லது கேஸின் இரு பாதிகளும் சேரவே மறுக்கும். சேராதபோது போல்ட்டை முறுக்கிச் சேர்க்க முயல்வோரும் உண்டு. அலுமினியக் கேஸ் விரிசல் காண்பதே அதன் முடிவு. 1983 ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த ராஜ்தூத் 350 வண்டியின் கிராங்குப் பேரிங்குகளில் சிறு முளை ஆணிகள் இருக்கும். அவை கேஸில் தமக்குரிய குழிகளில் அமர்ந்த பின்னரே மேல் பாதியை மூட வேண்டும். கேஸ் மூடாவிட்டால், பேரிங் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று பொருள். முறுக்குவதை நிறுத்தித் திறந்து பார்ப்பதே அறிவுடைமை.

இரண்டாம் கேள்வி: விசை எப்பக்கமிருந்து வருகின்றது? குண்டு பேரிங் இரு பக்கத் தள்ளலையும் ஓரளவு தாங்கும். குண்டுக்குப் பதிலாக உருளைகள் உள்ள பேரிங் மேலிருந்து வரும் சுமையை அதிகம் தாங்கும்; பக்கவாட்டுத் தள்ளலில் அதற்கு வரம்பு உண்டு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இவ்விரு வகைகளும் கிராங்குத் தண்டைத் தாங்கின. உருளைப் பேரிங்குகளில் என்.யு. என்னும் வகையின் உள் வளையத்தில் விளிம்பே இராது. தண்டு பக்கவாட்டில் தாராளமாக நகரலாம். என்.ஜே. என்னும் வகையில் உள் வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் விளிம்பு உண்டு. அது ஒரு திசையில் மட்டும் தண்டைத் தடுத்து நிறுத்தும். அவ்வளையத்தைத் திருப்பிப் போட்டால் தண்டு உள்ளே நுழையாது. சுத்தியலால் அடித்து நுழைக்க முயன்றால் விளிம்பு உடையும். வேறு வகையில் எப்படியோ பொருந்திவிட்டாலும், தடுக்க வேண்டிய திசையில் தடை இல்லாமல் தண்டு ஆடும். வாசல் கதவுக்கு உட்புறம் இருக்க வேண்டிய தாழ்ப்பாளை வெளிப்புறம் அடித்ததற்கு இது ஒப்பாகும்.

மூன்றாம் கேள்வி: எண்ணெய் எங்கிருந்து வருகின்றது, எங்கே நிற்க வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் மூடியுள்ள பேரிங்கில், திறந்த பக்கம் எண்ணெய் வரும் பக்கத்தை நோக்க வேண்டும். மூடிய பக்கம் தூசி வரும் பக்கத்தையோ எண்ணெய் போகக்கூடாத பக்கத்தையோ நோக்க வேண்டும். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஓடும் இரு வீச்சு எஞ்சின்களில், கிராங்குப் பேரிங்கிற்கு உணவு அக்கலவையில் உள்ள எண்ணெயே. மூடியைக் கலவையின் பக்கம் திருப்பி வைத்தால், சோற்றுப் பானைக்கு எதிரே அமர்ந்தும் பட்டினி கிடப்பது போல அப்பேரிங் வறண்டு போகும். ஆயில் சீலுக்கும் இவ்விதியே. சிறு சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்க வேண்டும். மாற்றி வைத்த சீல், எண்ணெயை நிறுத்தாமல் வழிய விடும்.

இம்மூன்றிலும் அடங்காத இரண்டொரு பொருள்களையும் குறிப்பிட வேண்டும். ஊசி போன்ற மெல்லிய உருளைகளைக்கொண்ட கிண்ணப் பேரிங்கை உள்ளே செலுத்தும்போது, எழுத்துப் பொறித்த முகத்தின்மீதே கருவியை வைத்து அழுத்த வேண்டும். மறுபக்கத்தில் அழுத்தினால் மெல்லிய கிண்ணம் நசுங்கும். செல்ஃப் ஸ்டார்ட்டரில் உள்ள ஒருவழிக் கிளச்சு, ஒரு திசையில் பற்றி மறு திசையில் விடும் இயல்புடையது. அதைத் திருப்பிப் பூட்டினால் மோட்டார் சுழலும், எஞ்சின் அசையாது. கனெக்டிங் ராடின் சிறு முனையில் அடிக்கும் புஷ்ஷில் எண்ணெய்த் துளை இருந்தால், ராடில் உள்ள துளையோடு அது நேர்ப்பட வேண்டும். இவற்றையெல்லாம் மனத்தில் வைக்க முடியுமா என்று மலைக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன மூன்று கேள்விகளே பெரும்பாலானவற்றுக்கு வழி காட்டும்.

சுத்தியல் விழும் இடம்

திசை சரியாயிருந்தும் பூட்டும் முறையால் பேரிங் கெடுவது உண்டு. எந்த வளையம் இறுக்கமாக அமர வேண்டுமோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். எஞ்சின் கேஸின் குழியில் செலுத்தும்போது வெளி வளையத்தை அழுத்த வேண்டும். தண்டின்மேல் ஏற்றும்போது உள் வளையத்தை அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் முழு விசையும் குண்டுகளின் வழியே கடந்து செல்லும். குண்டுகள் தம் பாதையில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளைப் பதிக்கும். எஃகின் கடினத்தைக் குண்டால் அழுத்தி அளக்கும் முறையை 1900 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர் பிரினெல் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர். அவர் சோதனைக்காகச் செய்ததை அறியாத கை தன் பேரிங்கிலேயே செய்துவிடுகின்றது! அக்குழிகளில் குண்டுகள் ஏறி இறங்கும்போது எழும் ஓசையே பின்னர் எஞ்சினில் கேட்கும் ‘கர்’ என்னும் முனகல்.

சுத்தியலின் வேலையை வெப்பத்திடம் விட்டுவிடுவது நல்லோர் வழி. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 62 மில்லிமீட்டர் குழியுள்ள கேஸை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், குழியின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கூடும். ஒரு தாளின் கனமே அது. ஆயினும் பேரிங் கைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே இறங்கி அமர அது போதும். கேஸ் முழுவதும் ஒரே சீராகச் சூடேற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வெல்டிங் தீயைக் காட்டினால் கேஸ் கோணிவிடும். பேரிங்கைச் சூடாக்கித் தண்டின்மேல் ஏற்றுவதாயின் 120 டிகிரியைத் தாண்டலாகாது. தாண்டினால் எஃகின் பதம் கெடும்.

புதிய பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். மணல் தூசியுள்ள மேசையின்மீது திறந்து வைத்த பேரிங், ஓடுமுன்னரே பாதி தேய்ந்ததற்குச் சமம். அழுத்தக் காற்றைப் பீய்ச்சிப் பேரிங்கைச் சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பதும் கூடாது. எண்ணெயின்றி அதிவேகமாகச் சுழலும் குண்டுகள் கீறல் காணும். சில வேளை சிதறிக் காயமும் விளைக்கும்.

மௌனமாக வளரும் குறை

ஒரு பால்காரரின் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கியர்ப் பெட்டியில் ஓசை வருகிறதென்று எஞ்சினைப் பிரித்துப் பேரிங்கை மாற்றுகின்றனர். பேரிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். எஞ்சினை இறக்கி, பிரித்து, கழுவி, மீண்டும் பூட்டும் கூலியும், புதிய பேக்கிங்கும் எண்ணெயும் சேரும்போது செலவு பல மடங்காகும். ஒரு மூடிப் பேரிங் திரும்பிவிட்டது என வைத்துக்கொள்வோம். வண்டி கிளம்பும்; ஓசை இராது; எல்லாரும் மகிழ்வர். முதல் நாளும் முதல் வாரமும் ஒன்றும் தெரியாது. பின்னர் மெல்லிய ஊளை ஒன்று தொடங்கும். எண்ணெயை வடிக்கும்போது வெள்ளித் தூள் போன்ற மினுக்கம் தென்படும். அதையும் கவனியாவிட்டால் ஒரு நாள் தகட்டுக்கூடு உடைந்து, அதன் துண்டு பற்சக்கரங்களுக்கிடையே சிக்கும். எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும் இடம் வீட்டு வாசலா, லாரிகள் விரையும் நெடுஞ்சாலையா என்பதை எவர் உறுதி கூற இயலும்?

ஓடும்போது எஞ்சின் திடீரென்று இறுகுவதாக உணர்ந்தால், அக்கணமே கிளச்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுகியது கிராங்குப் பகுதியாயின் சக்கரம் விடுபட்டு உருளும்; வண்டியை ஓரங்கட்டலாம். இதை வீட்டில் வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

வண்டி நின்றுபோன வீட்டில் ஏற்படும் இழப்பு பழுதுபார்க்கும் செலவோடு முடிவதில்லை. காலையில் பால் ஊற்ற இயலாத நாட்களில் வாடிக்கை வேறிடம் போய்விடும். அடைக்க வேண்டிய கடன் தவணை மட்டும் நிற்காது. ஒரு வளையத்தைச் சரியான பக்கம் திருப்ப எடுக்கும் அரை நிமிடக் கவனத்தில், ஒரு குடும்பத்தின் ஒரு மாத அமைதி அடங்கியிருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

கழற்றும்போதே கற்போம்

சரியான திசையை அறிய ஏற்ற நேரம் பூட்டும் நேரமன்று; கழற்றும் நேரமே. பழைய பேரிங் எப்பக்கம் நோக்கி அமர்ந்திருந்தது, மூடி எங்கே இருந்தது, லாக் வளையம் எந்த வெட்டில் கிடந்தது, எந்தத் தண்டில் எத்தனை வாஷர் இருந்தன என்பவற்றையெல்லாம் எஞ்சினே அப்போது திறந்த புத்தகமாகக் காட்டும். அதைப் படிக்காமல், பொருள்களை ஒரே டப்பாவில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறவிட்டால், புத்தகத்தின் தாள்களைக் கிழித்துக் காற்றில் விட்டதாகும். கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மீது பரப்பி வைப்பது பழைய முறை. வெளிப்பக்கத்தில் சாக்குக்கட்டியால் குறி இடலாம். இந்நாளில் எல்லாரிடமும் கைப்பேசி உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்வதற்குக் காசு ஆவதில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: முன்னர் பழுதுபார்த்தவரே தவறாகப் பூட்டியிருக்கவும் கூடும். பழையதைப் பார்த்து அப்படியே செய்வதோடு நில்லாமல், மூன்று கேள்விகளையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு கிடைக்குமாயின் அதுவே இறுதித் தீர்ப்பு.

இங்கே பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி இரண்டு ஆண்டுகள் நடைபெறுகின்றது. அங்கே செல்ல வாய்ப்பில்லாத இளைஞர் பலர், பட்டறையிலேயே ஸ்பானர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகுகின்றனர். “இந்தப் பக்கம் போடு” என்று மட்டும் அவர்களுக்குச் சொன்னால், அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே அது உதவும். “எண்ணெய் இப்பக்கமிருந்து வருகிறது, அதனால் இந்தப் பக்கம் போடு” என்று சொன்னால், அவன் வாழ்நாளில் திறக்கப்போகும் எல்லா எஞ்சின்களுக்கும் அது உதவும். காரணத்தோடு சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் கூடுதலாகலாம். கேள்வி கேட்கும் பையனை “வேலையைப் பார்” என்று அதட்டும் பட்டறையில் கைகள் வளரும்; தொழில் வளராது. “அண்ணே, இது திரும்பி இருக்கிற மாதிரி தெரியுதே” என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய பையன், அந்தப் பட்டறைக்குக் கிடைத்த காவலன் அல்லவா?

வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் சில சொற்கள். எஞ்சின் வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பேரிங்கையும், புதியதன் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் உள்ள எண்களையும் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிப் பேரிங்குகளும் சந்தையில் உலவுகின்றன; விலை மிகக் குறைவாயிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். குழியிலிருந்து அடித்துக் கழற்றிய பழைய பேரிங்கை மீண்டும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதன் குண்டுப் பாதை அடிபட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, “மாலைக்குள் வண்டி வேண்டும்” என்று மெக்கானிக்கை விரட்டாதீர்கள். கேஸ் சூடேறவும் ஆறவும் நேரம் வேண்டும். பூட்டிய தண்டைக் கையால் சுழற்றித் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்கவும் நேரம் வேண்டும். அவசரப்படுத்தி வாங்கிய வண்டியில் மிச்சமான ஒரு நாள், பின்னர் பத்து நாளாகத் திருப்பிக் கேட்கப்படும்.

எஞ்சின் கேஸை மூடிவிட்டால் உள்ளே செய்த வேலையை எவரும் காண்பதில்லை. பேரிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை வண்டிக்காரர் அறியார். வழியில் வருவோரும் அறியார். அறிந்தவர் அதைப் பூட்டியவர் ஒருவரே. காண்பாரில்லாத இடத்தில் செய்த வேலையை நம்பியே நாம் அனைவரும் சாலையில் செல்கின்றோம். அத்தகைய நம்பிக்கைக்கு உரியவராக உழைக்கும் மெக்கானிக்குகள் நம் சிற்றூர்களில் பலர் உள்ளனர். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம், அவர்களிடம் தொழில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், மாலையில் வீடு திரும்பும் மகனிடம், “இன்று எதைக் கழற்றினாய்? அது ஏன் அந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தெரிந்தால் அவன் தொழில் கற்கின்றான் என்று மகிழலாம். தெரியாவிட்டால், மறுநாள் அவன் கேட்டு வர வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.